360 சதுர அடி, உப்புக்காற்று, ஒரு பனை ஓலை... அழகான வீட்டுக்கான ஐடியா உச்சிப்புளியில் இருக்கு!

உங்கள் போனில் அப்படி ஒரு ஃபோல்டர் கண்டிப்பாக இருக்கும். வெள்ளைச் சுவர், தரையில் இருந்து கூரை வரை கண்ணாடி ஜன்னல், ஓரத்தில் சாம்பல் நிற சோபா, அதன் மேல் சோம்பலாக ஒரு பூனை. இன்ஸ்டாவிலும் பின்ட்ரெஸ்ட்டிலும் பார்த்துப் பார்த்துச் சேமித்த வீடுகள். 'நமக்கும் ஒருநாள் இப்படி...' என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போயிருப்பீர்கள்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால், அந்தப் படத்தில் இருக்கும் வீடு பெரும்பாலும் ஸ்வீடனிலோ டென்மார்க்கிலோ இருக்கும். டிசம்பர் மாதம் மதியம் மூன்று, மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர்கள் அவை. எட்டிப்பார்க்கிற கொஞ்ச நேர வெயிலையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு பெரிய கண்ணாடி. அந்த வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பத்தான் வெள்ளைச் சுவர். அதே கண்ணாடியை ராமநாதபுரத்தில் மேற்குப் பார்த்து வைத்தால், சாயங்காலம் அந்த சோபாவில் பூனைகூட உட்காராது.

அதனால் இனி ஒரு வீட்டின் படத்தைச் சேமிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த வீடு எந்தப் பிரச்னைக்குப் பதிலாகக் கட்டப்பட்டது?' உங்கள் பிரச்னையும் அதுவென்றால் சேமியுங்கள். இல்லையென்றால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தக் கேள்வியோடு ஒரு ஊரைச் சுற்றிப் பார்த்தால் எப்படி இருக்கும்? ராமேஸ்வரம் போகும் ரயிலில் ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வரும் உச்சிப்புளியை எடுத்துக்கொள்வோம்.

ரெண்டு கடலுக்கு நடுவில்

உச்சிப்புளி என்றால் பலருக்கு ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் ஞாபகம் வரும். இன்னும் சிலருக்கு அரியமான் பீச். வீடு கட்டுகிறவருக்கு ஞாபகம் வரவேண்டியது மேப்தான். திறந்து பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாக்கு நீட்டியது மாதிரி கிழக்கே போகும் நிலம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வடக்குக் கடலைப் 'பெண் கடல்' என்றும் தெற்குக் கடலை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். வடக்கே அலை அடக்கம், தெற்கே ஆவேசம்.

இதனால் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. கோடையில் தொடங்கி தென்மேற்கில் இருந்து கச்சான், மழைக்காலத்தில் வடகிழக்கில் இருந்து வாடை. காற்று சும்மா வருவதில்லை, உப்பையும் மணலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெயில் வெளுத்து வாங்கும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும்; மற்ற மாதங்களில் வானம் பார்க்க வேண்டியதுதான். உப்பு, வெயில், மணல், புயல், தண்ணீர்... இந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் வீடுதான் இங்கே நல்ல வீடு. அந்த வீடு அழகாகவும் இருக்க முடியுமா?

முடியும். பல தலைமுறையாக இருந்திருக்கிறது. என்ன, நாம் அதை 'குடிசை' என்று ஒரே வார்த்தையில் ஓரம் கட்டிவிட்டோம்.

ஓலை வீடு என்ன யோசித்தது?

ஒரு பனை ஓலை வீட்டை இன்டீரியர் டிசைனர் கண்ணோடு பாருங்கள். கூரையின் கைமரங்கள் வைரம் பாய்ந்த பனையில் அறுத்தவை. மேலே ஓலை, கட்டுவதற்குப் பனை நார். ஓரத்தில் ஆணிக்குப் பெரிதாக வேலையே இல்லை. உப்புக்காற்றில் முதலில் சாகிறது ஆணிதான் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நார் அறுந்தால் வேறு நார், அவ்வளவுதான்.

கூரையை நன்றாகத் தாழ்த்தி இறக்கியிருப்பார்கள். உள்ளே நுழையவே குனிய வேண்டும். 'என்ன இவ்வளவு இறக்கம்?' என்று தோன்றும். சுவரில் வெயில் படக் கூடாது, மழைச்சாரல் அடிக்கக் கூடாது, புயல்காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடக் கூடாது. மூன்றுக்கும் ஒரே பதில்தான் அந்த இறக்கம். ஓலைக்கு இன்னொரு குணம், சூட்டைச் சேர்த்து வைக்காது. சூரியன் இறங்கியதும் அதுவும் ஆறிவிடும். கான்கிரீட் தளம் இதற்கு நேர் எதிர். பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி நீங்கள் படுத்த பிறகு நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும். மேலே சுற்றுகிற ஃபேன் அந்தச் சூட்டைத்தான் உங்கள் மேல் தள்ளுகிறது.

உள்ளே இன்னும் சுவாரஸ்யம். ஒரே அறையில் ஐந்து பேர் குடும்பம் நடத்தியிருக்கிறது. எப்படி? தரையைக் காலியாக விட்டார்கள். மோர், வெண்ணெய், குழம்புச் சட்டி எல்லாம் கூரையில் தொங்கும் உறியில். தானியம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குப்பானையில். விளக்குக்குச் சுவரிலேயே மாடக்குழி. துணிக்குக் கொடி. படுக்கை பகலில் சுருட்டி நிற்கும் பாய், குழந்தைக்குத் தூளி. இன்றைக்கு யூடியூபில் 'வெர்ட்டிகல் ஸ்டோரேஜ்', 'மல்ட்டி பர்ப்பஸ் ஸ்பேஸ்' என்று பெயர் வைத்து விற்கிறார்களே, அதெல்லாம் நம் பாட்டிக்குத் தினசரி பழக்கம்.

அதற்காக ஓலை வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்லவில்லை. குடிசையில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும், ஒவ்வொரு கோடையிலும் நெருப்புப் பயம், ஒவ்வொரு கார்த்திகையிலும் புயல் பயம். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூரை மேய வேண்டும். ஓலை வெட்ட மரம் ஏறுகிறவர் இல்லை, மேய்கிறவரும் குறைந்துவிட்டார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் கதை இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். 'மெத்தை வீடு' வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இருப்பது ஸ்டைல் அல்ல, நிம்மதியான தூக்கம். அந்த ஆசையைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கேள்வி வேறு: ஓலையை விட்டுவிட்டு கான்கிரீட்டுக்கு வரும்போது, ஓலை வீடு யோசித்ததையும் சேர்த்து விட்டுவிட வேண்டுமா?

அந்த 60 சதுர அடி

இந்தக் கேள்வி இப்போது ரொம்ப முக்கியம். 'குடிசையில்லா தமிழ்நாடு' என்ற இலக்கோடு 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாகத் திட்டம். ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு வேறு வகைக் கூரை போட்டுக்கொள்ளலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் மட்டும் கூடாது. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு இன்னும் சின்னது, 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 269 சதுர அடி.

இப்படி ஒரு வீடு உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். அல்லது சென்னையில், கோவையில் இதே அளவில் ஒரு ஒன் பி.ஹெச்.கே-யில் நீங்கள் வாடகைக்கு இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

எனக்கு அந்த 60 சதுர அடி மேல்தான் கண். ஆறுக்குப் பத்து. பெரும்பாலும் இதை ஒரு குட்டி அறையாக அடைத்து, உள்ளே பழைய சாமான் போட்டுவிடுகிறோம். அதை வீட்டின் முன்பக்கம் திறந்த தாழ்வாரமாக விட்டு, மேலே ஓட்டுக் கூரை இறக்கி, ஓரத்தில் இரண்டடி அகலத்துக்குத் திண்ணை கட்டிப் பாருங்கள். வெயில் முன்சுவரைத் தொடாது. சாயங்காலம் உட்கார, படிக்க, பூ கட்ட, மீன் ஆய, விருந்தாளியோடு பேச, ராத்திரி காற்றாடப் படுக்க இடம் கிடைக்கும். 300 சதுர அடி வீடு திடீரென்று பெரிதாகிவிடும். உள்ளே சோபா போட வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும். ஓட்டுக் கூரையை மட்டும் காற்று தூக்காத மாதிரி சரியாகக் கட்டச் சொல்லுங்கள்.

உள்ளே வருவோம். 300 சதுர அடி என்றால் 15-க்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன வீட்டில் இடத்தைத் தின்பது கட்டில் அல்ல, கதவு. மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூட ஏறக்குறைய 7 சதுர அடி காலியாகக் கிடக்க வேண்டும். நான்கு கதவு என்றால் 28 சதுர அடி. ஒரு ஆள் படுக்கிற இடம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வெளிக்கதவும் பாத்ரூம் கதவும் போதும். அடுப்படிக்கு ஒரு வளைவு போதும். படுக்கிற இடத்துக்கு ஒரு திரையோ, பனை ஓலைத் தட்டியோ தொங்கவிடலாம். இருக்கிற கதவுகளையும் சுவரின் நடுவில் வைக்காமல் மூலையை ஒட்டி வைத்தால், ஒரு முழுச் சுவர் அலமாரிக்கு மிச்சம். கட்டும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். கதவு நிலை வைத்த பிறகு சொன்னால் அவர் பார்க்கும் பார்வையே வேறு.

ஜன்னலுக்கு ஒரே விதி: காற்று உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. எதிரெதிர்ச் சுவரில். ஒரே பக்கம் பெரிதாக நான்கடி ஜன்னல் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் மூடிவிட்டால், காற்று வாசலில் நின்றுவிட்டுப் போய்விடும். உச்சிப்புளி மாதிரி ஊரில் தெற்கிலும் வடக்கிலும் திறப்பு இருந்தால் கச்சானுக்கும் வாடைக்கும் வழி கிடைக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கூரைக்குக் கீழே சின்னதாக ஒரு வென்டிலேட்டர். மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்து அலமாரியும் பரணும் வைத்துவிடுங்கள். சாயங்கால வெயில் உங்கள் மேல் விழாமல் சாமான் மேல் விழட்டும்.

தளத்துக்கு? பழைய காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். இன்றும் அது நல்ல வழிதான். காசு இடிக்கிறது என்றால், கோடைக்கு முன்பு மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்று 'கூல் ரூஃப்' கொள்கையே கொண்டுவந்தது. மழையில் கரையும், அடுத்த வருடம் திரும்ப அடிக்கணும். பரவாயில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

உப்பு என்கிற வாடகைக்காரர்

கடற்கரை ஊர் வீடுகளில் பத்து, பதினைந்து வருடத்திலேயே சன்ஷேடில் காரை பெயர்ந்து, கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. பிறகு எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

இதற்கான மருந்து கட்டும்போதே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடல்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது. உள்ளூரில் பாதிக்குப் பாதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 'கவர் ப்ளாக் என்ன சைஸ் போடுறீங்க?' என்ற ஒரு கேள்வி உங்கள் வீட்டின் ஆயுளை நீட்டிக்கும். இன்னொன்று, கலவைத் தண்ணீர். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல் மணல் பக்கமே போக வேண்டாம்.

பக்கத்திலேயே பாடம் நிற்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்றிடம் இருந்து காப்பாற்றுவதே ரயில்வேக்குத் தீராத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று உப்பை மனதில் வைத்தே எல்லாம் செய்திருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பாலிசிலாக்ஸேன் எல்லாம் வேண்டாம். கீல், தாழ்ப்பாள், திரை மாட்டும் கம்பி வாங்கும்போது கடையில் '304-ஆ, 316-ஆ?' என்று கேளுங்கள். இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். விலை அதிகம். ஜன்னல் கீலுக்கு மட்டுமாவது வாங்கலாம். சட்டை மாட்ட மர முளை போதும்.

ஐந்து மைல் விளையாட்டு

இங்கிலாந்தில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் ஆயிரக்கணக்கான எளிய வீடுகளுக்கு உருவம் கொடுத்தவர் லாரி பேக்கர். நல்ல வீட்டுக்கான பொருள்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னது தன் மனதில் பதிந்துவிட்டதாக பேக்கர் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டும் 'ராட் ட்ராப்' முறையை அவர்தான் இங்கே பிரபலப்படுத்தினார். சுமார் 25 சதவிகிதம் செங்கல் மிச்சம், உள்ளே சூடும் குறைவு. செங்கல்லை விட்டு விட்டு அடுக்கி, ஓட்டைகளாலேயே கோலம் போட்டது மாதிரி அவர் கட்டிய ஜாலிச் சுவர்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் ஃபோல்டரில் தைரியமாகச் சேமிக்கலாம். வெயிலை வடிகட்டி, காற்றை விட்டுவிடும் அந்தச் சுவர் நம் பிரச்னைக்கான பதில்.

சரி, உச்சிப்புளியை மையமாக வைத்து ஐந்து மைல் வட்டம் போட்டால் என்ன கிடைக்கும்? பனை, தென்னை, சவுக்கு, கிளிஞ்சல், எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம்.

பனையில் தொடங்குவோம். தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. எனவே புது மரத்தை விடுங்கள். பழைய வீடு பிரிக்கும்போது கிடைக்கும் பனங்கைகளைத் தேடுங்கள். கறுப்பில் வெள்ளை வரி ஓடும் அந்தக் கட்டையை இழைத்து, எண்ணெய் தேய்த்தால், எந்த ஷோரூம் ஷெல்ஃபும் பக்கத்தில் நிற்க முடியாது. ஓலைக்கு மரத்தை வெட்டவே வேண்டாம். தட்டி, பெட்டி, பாய், கூடை, விசிறி... ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி பக்கம் கருப்பட்டியோடு ஓலைப் பின்னலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடி வைத்த ஓலைப்பெட்டிகளை வரிசையாக அலமாரியில் வைத்தால் சார்ஜர், மருந்து, பில், ஊசி நூல் எல்லாம் கண்ணில் இருந்து மறைந்துவிடும். பிளாஸ்டிக் ஆர்கனைஸர் செய்கிற அதே வேலை. பார்க்க நூறு மடங்கு அழகு, காசும் பின்னிய கைக்கே போகும்.

சீமைக்கருவேலத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் எரிச்சல்தான். விறகும் கரியும் தவிர அதற்கு நாம் மரியாதை கொடுப்பதில்லை. இதன் உறவுக்கார மரங்களில் அர்ஜென்டினாவில் 'அல்கரோபோ' என்ற பெயரில் மேஜை, நாற்காலி செய்து பெருமையாக விற்கிறார்கள். நம் ஊர் மரம் கோணல்மாணல், நீளப் பலகை கிடைப்பது கஷ்டம். ஆனால் கட்டை உறுதி. ஒரு முக்காலிக்கு, விளக்குத் தண்டுக்கு, துணி மாட்டும் கொம்புக்கு அந்தக் கோணலே அழகு. தச்சரிடம் கேட்டால் முதலில் சிரிப்பார், கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அந்த வட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்: பவளப்பாறை. தனுஷ்கோடியின் இடிந்த சர்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பவளக்கல் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். 1986-ல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்குச் சட்டம் கொடுக்கும் இடம் அது. டி.வி ஸ்டாண்டில் வைக்க அழகாக இருக்கிறதே என்று கடற்கரையில் இருந்து ஒரு துண்டு எடுத்து வருவதும் குற்றம்தான். சில வகைச் சங்கு, சிப்பிகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

கலருக்கு எங்கே போவது?

இருபது நிமிடத் தூரத்தில் ராமநாதபுரம் அரண்மனை. அதற்குள் ராமலிங்க விலாசம். சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியங்கள், சுவர், தூண், விதானம் என்று ஓர் அடிகூட மிச்சம் வைக்காமல் நிறைந்திருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஓவியங்களில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பதைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நிறங்களை மட்டும் பாருங்கள். காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை, கொஞ்சம் வெள்ளை. இந்த வெயிலில் கண்ணைக் குத்தாத நிறங்கள். இங்கே தூய வெள்ளைச் சுவர் பகலில் கண்ணைக் கூசவைக்கும், மணல் தூசியில் மூன்றே மாதத்தில் அழுக்காகும். உள்சுவருக்குச் சுண்ணாம்பில் துளி மஞ்சள்காவி சேர்த்த மங்கல் நிறம், தரையை ஒட்டி ஓரடிக்குச் செங்காவிப் பட்டை. பழைய வீடுகளில் அந்தப் பட்டை இருப்பதற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டுமில்லை. கால் படும், தண்ணீர் தெறிக்கும், அழுக்கு தெரியாது.

காரை வீட்டுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீடு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு அது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். இப்போது மாடிகளோடு மாறிவிட்டது, மேலே காட்சியகம் இருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர்

இதே கடலின் எதிர்க்கரை இலங்கை. அங்கே ஜெஃப்ரி பாவா என்ற ஆர்க்கிடெக்ட், கொழும்பில் ஒரு சந்தில் இருந்த நான்கு சின்ன வரிசை வீடுகளை 1950-களின் கடைசியில் இருந்து பத்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே வீடாகச் சேர்த்தார். சேர்க்கும்போது எல்லா இடத்தையும் அறையாக்கவில்லை. நடுநடுவே நாலடி, ஆறடிக்கு வானம் தெரிகிற மாதிரி விட்டார். ஒரு மரம், ஒரு தொட்டித் தண்ணீர், மேலே இருந்து விழும் வெளிச்சம். வீடு முடிகிற இடமே தெரியாது. நம் மதுரையில் 'மதுரை கிளப்' கட்டடமும் இவர் வடிவமைத்ததுதான்.

இன்னும் தூரம் போனால் ஜப்பான். ஒசாகாவில் டடாவோ ஆண்டோ 1976-ல் முடித்த சுமியோஷி வீடு, வெறும் 57 சதுர மீட்டர் மனையில் நிற்கிறது. அதிலும் நடுவில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டார் மனுஷன். மழை பெய்தால் படுக்கையறையில் இருந்து பாத்ரூம் போகக் குடை பிடிக்கணும்! உலகமே கொண்டாடும் வீடு. எனக்கென்னவோ, அந்த வீட்டில் குடியிருப்பவர்களின் பொறுமையைத்தான் முதலில் கொண்டாட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் சின்ன இடத்தில் கொஞ்சம் வானத்தை விடலாம் என்ற துணிச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேல் மூன்றுக்கு நான்கடி திறப்பு, கம்பி வலையோடு விட்டால் போதும். வெளிச்சம் வரும், ஈரம் காயும், ஒரு கறிவேப்பிலைச் செடியும் வளரும்.

மழையைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 300 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 280 லிட்டர் தண்ணீர். பத்து, பன்னிரண்டு குடம் இல்லை, இருபது குடத்துக்கு மேல்! குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில், ஒரு குழாயும் தொட்டியும் வைக்காமல் அதை வாசலில் ஓடவிடுவது எந்த வகை டிசைன்?

வாடகை வீடா? இதைப் பண்ணுங்க

ஓனர் ஆணி அடிக்க விட மாட்டார். தெரியும். அப்படியென்றால் சுவரை விட்டுவிடுங்கள். வாசல் கதவுக்கு வெளியே அல்லது பால்கனியில், வெயில் விழும் பக்கம் ஓலைத் தட்டியோ மூங்கில் தட்டியோ கயிற்றில் தொங்கவிடுங்கள். திரைச்சீலை வெயிலை உள்ளே வரவிட்டுப் பிறகு மறைக்கும். தட்டி வெளியிலேயே நிறுத்திவிடும். சூடு குறைவது அன்றைக்கு மதியமே தெரியும். கட்டிலுக்குப் பதில் நல்ல கோரைப்பாய், மேலே மெல்லிய மெத்தை. பகலில் சுருட்டிவிட்டால் அறை உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பழைய ஓலைக்கூடையைக் கவிழ்த்து அதற்குள் மஞ்சள் எல்.இ.டி பல்பு மாட்டுங்கள். பின்னலின் நிழல் சுவர் முழுக்க விழும். எல்.இ.டி மட்டும்தான், குண்டு பல்பு சூட்டில் ஓலை பற்றிக்கொள்ளும்.

ஓலைப் பொருட்களுக்குப் பராமரிப்பு கொஞ்சம் தேவை. வாடைக் காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் மோசம். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கார்த்திகை முடிந்து வெயில் வந்ததும் அரை நாள் மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி மாட்டுங்கள். பூச்சிக்குப் பெட்டிக்குள் நாலு வேப்பிலை போதும்.